குடியால் கலங்கிய மனமும் மங்கிய நினைவும்: கிளிவெட்டிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வயல் வேலை முடிந்த களைப்புக்கு ஒரு கால் போத்தல் என்று தொடங்கியவர், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விடியற்காலையிலேயே கை நடுங்க எழும்புகிறார். நேற்றுக் கடன் வாங்கியதை இன்று மறந்துவிடுகிறார். மனைவி கடைக்குப் போய்ச் சற்றுத் தாமதித்து வந்தாலே சந்தேகப்படுகிறார். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேட்டால் தடுமாறுகிறார். அயலவர்கள் இதைத் திமிர் என்பார்கள், விசர் என்பார்கள், குணம் கெட்டுப்போச்சு என்பார்கள். உண்மையில் இதில் பெரும்பங்கு மூளைக்கு ஏற்பட்ட காயம். அந்தக் காயத்துக்கு வைத்தியம் இருக்கிறது.

ஆனால் அந்த வைத்தியத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசை தப்பினால், குடியை விடவேண்டும் என்ற நல்ல முடிவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டி, குமாரபுரம், மேன்காமம் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு இந்த வரிசையை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதை, எதுவும் தெரியாதவருக்கும் விளங்கும்படி இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன்: குடி மூளையில் என்ன செய்கிறது?

மதுசாரம் மூன்று வழிகளில் மூளையைத் தாக்குகிறது.

முதலாவது, நேரடித் தாக்கம். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியும், திட்டமிடல், பொறுமை, தன்னடக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் முன்மூளையும் முதலில் பழுதுபடுகின்றன. "இனிக் குடிக்கமாட்டேன்" என்று காலையில் உண்மையாகவே சத்தியம் செய்தவர் மாலையில் அதைக் காப்பாற்ற முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தியத்தைக் காக்கவேண்டிய முன்மூளையே அடிபட்டிருக்கிறது.

இரண்டாவது, சத்துக் குறைவு. தொடர்ந்து குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் சத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. குறிப்பாக வைட்டமின் பி1 குறைந்தால் மூளை பட்டினி கிடக்கும்.

மூன்றாவது, சுற்றிவரும் காயங்கள்: வெறியில் விழுந்து தலையில் அடிபடுதல், வலிப்பு, ஈரல் பழுதாகி நச்சுப்பொருள்கள் மூளைக்கு ஏறுதல்.

இவற்றுக்கு மேலாக, கிளிவெட்டிக்கு ஒரு வரலாறும் உண்டு. யுத்த காலத்தில், 1996 பெப்ரவரி 11 அன்று குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பரில் மூதூர்க் கரையைச் சுனாமி அடித்தது. 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த மக்களில் பலர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காகத் தகரக் கொட்டில்களில் வாழ்ந்து, 2015இலிருந்துதான் ஊர் திரும்பினார்கள். கெட்ட கனவும் திடுக்கிடலும் தாங்காமல் நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் எல்லா யுத்தங்களுக்குப் பின்னும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போருக்குப் பின் பெருகும் குடியைத் தனிமனிதர் குற்றமாக மட்டும் பார்க்காமல், சமூகம் முழுவதும் பட்ட வடுவின் ஒரு பகுதியாகவும் பார்த்தார். உங்கள் வீட்டாரையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். பரிகாரம் தேடுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

படி 1: அளவைக் கணக்கிடுங்கள்

"கொஞ்சம்தான் குடிப்பேன்" என்ற பதில் வைத்தியருக்கு உதவாது. அளவு தெரியவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதுப் பாவனைக் கேள்விக்கொத்தில் 10 கிராம் தூய மதுசாரம் ஓர் அலகாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம் நாட்டுச் சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். கணக்கு இப்படி வரும்:

- கால் போத்தல் சாராயம் (180 மில்லிலீற்றர்): ஏறக்குறைய 5 அலகு.
- அரைப் போத்தல் (375 மில்லிலீற்றர்): ஏறக்குறைய 10 அலகு.
- முழுப் போத்தல் (750 மில்லிலீற்றர்): ஏறக்குறைய 20 அலகு.
- 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர், 500 மில்லிலீற்றர் ரின்: ஏறக்குறைய மூன்றரை அலகு.

சட்டவிரோதமாக வடிக்கும் கசிப்புக்குக் கணக்கே சொல்லமுடியாது. ஒவ்வொரு வடிப்பும் ஒவ்வொரு விதம். அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும்.

லான்செட் ஆய்வுக்குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, வாரத்துக்கு 168 கிராமுக்கு மேல் மதுசாரம் குடிப்பதை மறதி நோய்க்கான காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. சாராயத்தில் அது ஏழு நாளுக்கு மூன்றரைக் கால் போத்தல். தினமும் ஒரு கால் போத்தல் எடுப்பவர் இந்தக் கோட்டை நன்றாகவே தாண்டிவிட்டார்.

அளவோடு நான்கு கேள்விகளையும் கேளுங்கள். குடியைக் குறைக்கவேண்டும் என்று அவரே நினைத்ததுண்டா? மற்றவர்கள் அதைப்பற்றிச் சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை எண்ணிக் குற்ற உணர்வு வருகிறதா? காலையில் நடுக்கம் அடங்க முதல் வேலையாகக் குடிக்கிறாரா? இரண்டுக்கு "ஓம்" என்றாலே வைத்தியரைப் பார்க்கவேண்டும். கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்றால் படி 3ஐக் கட்டாயம் வாசியுங்கள்.

படி 2: காண்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள்

கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வீட்டில் நீங்கள் காண்பது ஒவ்வொரு நாளும். ஒரு வாரத்துக்குக் கீழே உள்ளவற்றைத் தேதியோடு குறியுங்கள்.

மனம் தொடர்பானவை:
- எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை, "செத்தால் நல்லது" என்ற பேச்சு
- காரணமில்லாத பயம், நெஞ்சுப் படபடப்பு
- மனைவிமீது ஆதாரமில்லாத சந்தேகம்
- ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொல்லுதல்
- வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடல், பழைய சம்பவம் கனவில் திரும்பத் திரும்ப வருதல்

அறிவாற்றல் தொடர்பானவை:
- முதல்நாள் இரவு நடந்தது முழுவதும் நினைவில் இல்லாமை
- ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல்
- பழகிய வேலையில், உதாரணமாக உரக் கணக்கிலோ மோட்டார் திருத்துவதிலோ, தடுமாறுதல்
- நாள், தேதி, இடம் குழம்புதல்
- நடக்காததை நடந்ததாக உறுதியாகச் சொல்லுதல்

அவர் குடிக்காமல் தெளிவாக இருக்கும் நேரத்தில் மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்: மண்வெட்டி, மாம்பழம், கடிதம். ஒன்றுகூட நினைவில் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானிக்கவேண்டாம். வைத்தியருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

படி 3: திடீரென்று நிற்பாட்ட விடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மதுசாரம் மூளையை அமர்த்தும் பொருள். ஆண்டுக்கணக்காகப் பிரேக்கை மிதித்தபடியே ஓடிய வண்டியைப்போல, மூளை தன் வேகத்தைக் கூட்டியே பழகியிருக்கும். குடி ஒரேநாளில் நின்றால் பிரேக் விடுபட்டு, அந்த வேகம் முழுவதும் வெளியே பாயும். அது பெரும்பாலும் இந்த ஒழுங்கில் வரும்:

- கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள்: கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, நித்திரையின்மை.
- 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள்: வலிப்பு வரக்கூடிய நேரம்.
- 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள்: சிலருக்குக் கடும் குழப்பம், காய்ச்சல், உடம்பில் பூச்சி ஊர்வதாகவும் இல்லாத ஆட்கள் நிற்பதாகவும் தோன்றுதல். வைத்தியம் இல்லாவிட்டால் இந்த நிலை உயிரைப் பறிக்கலாம்.

மூன்றாம் நாள் பிதற்றுபவரைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் கொண்டுபோவது பல ஊர்களில் நடக்கிறது. அந்த மணித்தியாலங்களில் அவருக்குத் தேவைப்படுவது வைத்தியசாலைக் கட்டில்.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போவதற்கோ, வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கோ நேர்ந்து குடியை விடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மனவுறுதி பெரிய வரம். அதைத் தடுக்காதீர்கள். ஆனால் தினமும் குடித்தவர், முன்பு வலிப்பு வந்தவர், காலை நடுக்கம் உள்ளவர் ஆகியோர் விரதம் தொடங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் போகவேண்டும். டயசெபாம், குளோர்டயசெபொக்சைட் போன்ற மருந்துகளைக் கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைத்து, ஆபத்தில்லாமல் குடியை நிறுத்தமுடியும். இந்த மாத்திரைகளைப் பாமசியில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகக்கூடும்.

படி 4: வைட்டமின் பி1ஐ மறக்காதீர்கள்

உடலில் சேமித்துவைத்த பி1 இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் மூன்று அறிகுறிகள் வரலாம்: குழப்பம், கண் ஆட்டமோ இரட்டைப் பார்வையோ, கால் அகட்டித் தள்ளாடி நடத்தல். 1881இல் இதை விவரித்த காள் வேர்ணிக்கேயின் பெயராலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது. மூன்று அறிகுறிகளும் ஒன்றாக வருவது சிறுபான்மையினருக்கே. ஆகவே ஒன்று இருந்தாலே சந்தேகிக்கவேண்டும். "வெறி இன்னும் இறங்கவில்லை" என்று விட்டுவைத்தால் அது கோர்சாகோவ் நோயாக முற்றலாம். அதன்பின் புதிய நினைவுகள் தங்குவது மிகக் கடினம்.

வைத்தியர் பி1ஐ ஊசியாகத் தருவதைத்தான் முதலில் விரும்புவார். குடியால் பழுதான குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: களைத்துக் கிடப்பவருக்கு "ஒரு சேலைன் ஏத்துங்கோ" என்று தனியார் மருந்தகத்தில் கேட்பது நம் வழக்கம். பி1 இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1உம் செலவாகி மூளைப் பாதிப்பு கூடலாம். "இவர் நெடுநாள் குடிப்பவர், பி1 போட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஒருவரின் நினைவைக் காப்பாற்றக்கூடும்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். 1890களில் ஜாவாவில் ஒல்லாந்து வைத்தியர் கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் நடக்கமுடியாமல் விழுவதையும், தவிட்டரிசி கொடுத்ததும் எழும்புவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல் விளையும் ஊரில் இதைப் பின்பற்றுவது கடினமல்ல: அதிகம் தீட்டாத சிவப்பரிசி, புழுங்கலரிசி, பயறு, கடலை, மீன், முட்டை. இது ஊசிக்குத் துணைதான். ஊசியின் இடத்தை உணவு பிடிக்காது.

படி 5: எங்கே போவது, என்ன சொல்வது?

முதலில் மூதூர் தள வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் "குடியை நிற்பாட்ட வந்திருக்கிறோம், மனநலக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கூடுதல் சிகிச்சைக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. முன்பெல்லாம் மூதூரிலிருந்து கடலைத் தாண்ட லோஞ்சுக்குக் காத்திருக்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதன்பின் அந்த வீதியின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டபின் தரைவழியாகவே போய்விடலாம்.

மனநோய் என்றாலே அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் பழைய பயம். இப்போது பெரும்பாலானோர் சொந்த மாவட்டத்திலேயே கிளினிக்குக்குப் போய் மருந்தெடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

- 1926: தேசிய மனநல உதவி இலக்கம்.
- 1990: சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை.

போகும்போது, படி 2இல் எழுதிய கொப்பி, பழைய மருந்துகள், கிளினிக் கொப்பி, கூடவே வாழும் ஒருவர் ஆகிய நான்கும் அவரோடு போகட்டும். கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, சாவைப் பற்றிப் பேசினாரா என்ற நான்கையும் கேட்காமலே சொல்லுங்கள்.

படி 6: முதல் மாதம் — மனத்தைக் கவனித்தல்

குடி நின்றதும் மனம் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் வாரங்களில் சோகமும் எரிச்சலும் கூடித் தெரியலாம். குடியால் வந்த மனச்சோர்வு பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே குறையும். அதன்பிறகும் நீடித்தால் அது தனி நோயாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். ஆகவே ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் திரும்பக் காட்டுங்கள். யுத்தத்தின் கனவுகள் வருகிறவர் அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். வடுவை அப்படியே விட்டுக் குடிக்கு மட்டும் வைத்தியம் செய்தால், அந்தக் கனவே அவரைத் திரும்பப் போத்தலுக்கு அழைத்துப் போகும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. கேட்டவரிடம் மனம் திறப்பார்கள். வயல் மருந்துகளை வீட்டில் வைக்காமல், வேறு ஒருவரின் பொறுப்பில் பூட்டிவையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற இலங்கை, கொடிய பீடைகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த வீதத்தை மூன்றில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தது. கைக்கெட்டாத தூரம் உயிரைக் காக்கும் என்பதற்கு நம் நாடே உலகுக்குச் சாட்சி.

படி 7: மறதியுள்ளவருக்கு ஏற்ப வீட்டை ஒழுங்குசெய்தல்

மூளை தேறும். குடியை விட்ட முதல் வாரங்களிலேயே கவனம் கூடத் தொடங்கும். நினைவும் திட்டமிடலும் தேற மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை:

- எழும்புதல், சாப்பாடு, மருந்து, வேலை, நித்திரை எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.
- பெரிய கலண்டரில் அன்றைய வேலையை எழுதுங்கள். முடிந்ததை அவரே வெட்டிவிடட்டும்.
- ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.
- பணம், காணிப் பத்திரம், கடன் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் சில மாதம் பார்த்துக்கொள்ளட்டும்.
- வைத்தியர் சம்மதிக்கும்வரை மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் வேண்டாம்.
- நடக்காததை நடந்ததாகச் சொன்னால் "பொய் சொல்லாதே" என்று சண்டை பிடிக்கவேண்டாம். நினைவில் விழுந்த இடைவெளியை மூளை தானாக நிரப்புகிறது. மெதுவாகச் சரியான தகவலைச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

படி 8: திரும்பவும் குடித்தால்

பலர் ஒருமுறையாவது திரும்பக் குடிப்பார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று கைவிடாமல் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் போங்கள். ஆசையைக் குறைக்க நல்ரெக்சோன், அகம்புரோசேற் போன்ற மருந்துகள் உண்டு. எது பொருந்தும் என்பதை ஈரலைப் பரிசோதித்து வைத்தியர் தீர்மானிப்பார்.

அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ "குடி மறக்கடிக்கும் தூள்" கலக்காதீர்கள். டைசல்பிராம் அடங்கிய மருந்தை எடுத்தவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து இறக்கவும் கூடும். அவர் அறிந்து சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே அது பாவிக்கப்படவேண்டும்.

கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தவருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை ஆரம்பம் முதலே வலியுறுத்தியது. நம் ஊருக்கும் அது பொருந்தும்.

படி 9: உங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளுங்கள்

நோய் என்பது அடிப்பதற்கு அனுமதி அல்ல. வன்முறை நடந்தால் பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கிராம சேவகரிடமும் பிரதேச செயலகப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். பிள்ளைகளிடம் "அப்பாவுக்கு மூளையில் வருத்தம், அது உங்களால் வந்ததல்ல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அந்தப் பழியைத் தங்கள்மேலேயே போட்டுக்கொண்டு வளர்கிறார்கள்.

உடனே வைத்தியசாலை: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

- வலிப்பு
- நாள், இடம், ஆள் தெரியாத திடீர்க் குழப்பம்
- கண் ஆட்டம், இரட்டைப் பார்வை, புதிதாக வந்த தள்ளாட்டம்
- விழுந்து தலையில் அடிபட்டபின், நாட்கள் கழித்து வந்தாலும், தலையிடி, மயக்கம்
- கண் மஞ்சளாகி, பகலில் தூங்கி இரவில் விழித்து, நீட்டிய கை விசிறிபோல் ஆடுதல்
- கசிப்புக் குடித்தபின் பார்வை மங்குதல்
- தற்கொலைப் பேச்சு அல்லது முயற்சி

2019இல் மட்டும் உலகெங்கும் 26 இலட்சம் பேரின் சாவுக்கு மதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டார் ஒருவர் சேரவேண்டியதில்லை. இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் அவர் குடிக்கும் அளவை எழுதுங்கள். 1926ஐயும் 1990ஐயும் கைத்தொலைபேசியில் பதியுங்கள். அவர் "விடப்போகிறேன்" என்று சொல்லும் நாளில் தனியே விடாமல், கையைப் பிடித்து மூதூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.